பத்து நிமிஷம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில்
எங்கள் சேகோ ஆலை.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது
அங்கே களத்து மேஸ்திரி நாச்சிமுத்து வைத்ததுதான் சட்டம்.
சேர்வராயன் உச்சியில் ஒரு துண்டு மேகம் நின்றால்
முதலாளி காரை விட்டு இறங்கி
வானத்தைப் பார்க்க மாட்டார்,
நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்ப்பார்.
அவர் 'காயட்டும்' என்றால் காயும்.
'அள்ளு' என்றால் நாற்பது பேர் ஓடுவார்கள்.
லாரிக்குத் தேதி சொல்லும் முன்
கணக்குப் பிரிவும் களத்து ஓரம் வந்து நிற்கும்.

பிறகு உலர்த்தும் மிஷின் வந்தது.
மேகங்கள் வந்தன, போயின.
நாச்சிமுத்துவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் கேட்கவும் இல்லை.

நாங்கள் எலெக்ட்ரிகல்.
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
'கரண்டுக்காரன் ரூமில் ஃபேன் ஓடாது' என்று
அலுவலகத்தில் ஒரு பழைய சிரிப்பு.
எங்களுக்கு டீ கடைசியில் வரும்,
ஆடை கட்டி.

அப்புறம் அந்த வருஷங்கள்.
பாதி நாள் கரண்ட் இல்லை.
தொட்டியில் கிழங்குப் பால் அப்படியே நின்றால் புளிக்கும்,
புளித்தால் மாவு பழுக்கும்,
பழுத்த மாவை எந்த வியாபாரியும் தொட மாட்டான்.
அந்தப் புளிப்பு வாடைக்குப் பயந்து
மொத்த ஆலையும்
எங்கள் தகரக் கதவைத் தட்டியது.

முதல் டீ எங்களுக்கு.
ஃபியூஸ் கட்டை ஒன்றுக்கு மூன்று கையெழுத்து கேட்ட
ஸ்டோர்ஸ் அத்தியப்பன்
தட்டுவடை செட் பொட்டலத்தோடு வந்து
'காரம் போதுமா செங்கோடா' என்றார்.
போதவில்லை என்றேன்.
மறுநாள் காரமாக வந்தது.

இப்போது சொல்லலாம்.
ஜெனரேட்டரின் வயரிங் படம் சுவரில்தான் தொங்கியது.
ஒரு ராத்திரி அதைச் சுருட்டிக்கொண்டு போய்
வீட்டுப் பீரோவில்
மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.
கேட்டவர்களிடம் 'கரையான் அரிச்சிடுச்சு' என்றேன்.
சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லா ஒயரிலும்
கறுப்பு டேப் சுற்றினேன்.
இருட்டில் எது எது என்று
என் விரலுக்கு மட்டும் தெரியும்.

புது மேனேஜர் ஒருமுறை
பத்துப் பேர் முன்னால் 'ஏய் ஒயர்மேன்' என்றார்.
அன்று மத்தியானம் கரண்ட் போனதும்
ஜெனரேட்டர் பத்து நிமிஷம் கழித்துத்தான் கிளம்பியது.
பழுது ஒன்றுமில்லை.
உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு
ஒரு ஸ்பேனரைக் கையில் பிடித்து
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
வெளியே செருப்புகள் ஓடும் சத்தம்
அவ்வளவு நன்றாக இருந்தது.
அடுத்த வாரத்திலிருந்து 'செங்கோடன் சார்'.

ஒருநாள் கரண்ட் போகவில்லை.
மறுநாளும்.
ஒரு மாசம் போகவே இல்லை.
ஊரே சந்தோஷப்பட்டது.
நான் மட்டும் மீட்டரைத்
தட்டித் தட்டிப் பார்த்தேன்.

தட்டுவடை நின்றது முதலில்.
பிறகு 'சார்'.
டீ மறுபடி ஆடை கட்டியது.

வெண்மைக்கு எதையோ கலக்கிறீர்கள் என்று
வடக்கே ஒரு கம்பெனி
இரண்டு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பியது.
அதிலிருந்து பயத்துக்கு வேறு முகவரி.
கழிவறைக்குப் பக்கத்தில் கிடந்த லேப்
மாடிக்குப் போய்விட்டது, ஏசியோடு.
மெஹருன்னிசா கையெழுத்துப் போடாமல்
ஒரு மூட்டை வாசல் தாண்டாது.
போன வாரம் அத்தியப்பனை மாடிப்படியில் பார்த்தேன்.
கையில் பொட்டலம்.
என்னைக் கண்டதும் அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

நேற்று அங்கே டியூப்லைட் மாற்றக் கூப்பிட்டார்கள்.
ஏணியில் நிற்கிறேன்.
கீழே போன் அடித்தது, மேனேஜர் போலிருக்கிறது.
பரிசோதனை முறையை எழுதிய நோட்டு வேண்டுமாம்,
இன்னொருவருக்கும் பழக்க.

'அந்த நோட்டா சார்?' என்றாள்.
டிராயர் சாவியை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.
'கரையான் அரிச்சிடுச்சு.'

ஸ்டீல் டிராயர்.
டைல்ஸ் தரை.
நான் டியூபைத் திருப்பினேன்,
இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு
எரிந்தது.